புறா வலைக்காரர்களும் என் இரண்டு பூனைகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பால்கனிக்குப் புறா வலை அடிக்கும் ஆட்களின் வேலையைப் பற்றியது. ஆனால் நான் அவர்களைக் கூப்பிட்டது புறாவுக்காக இல்லை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில், மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி 10க்கு 14 அடி இடத்தை வளைத்து, பூனைகள் வெளிக்காற்று வாங்கவும் நான் நாலு தொட்டி வைக்கவும் ஒரு இடம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என் ஆண் பூனை சுண்டல் காக்காயைத் துரத்திக்கொண்டு கைப்பிடிச் சுவர் மேல் ஓடி, பக்கத்து வீட்டு சன்ஷேடில் குதித்துவிட்டு, திரும்பி வரத் தெரியாமல் கத்த ஆரம்பித்தான். இரவு 11 மணிக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஏணி கேட்டு இறக்கினோம். மறுநாள் காலையிலேயே வலைக்கு போன் போட்டேன். இது 2024 ஆகஸ்டில்.

வலைக்காரர் பெயரைப் போடவில்லை. போட்டாலும் உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இருக்காது, விசாரித்த நாலு பேரும் அதே வலை, அதே கொக்கி, அதே பேச்சுதான். வந்த தம்பி டேப்பை விரித்தபடியே, "அக்கா, ஒரு புறா உள்ள வராது, கேரண்டி" என்றான். "தம்பி, புறா வந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, பூனை வெளிய போகக் கூடாது" என்றேன். "அதுவும் போகாதுக்கா" என்றான், ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இதை அவன் அன்றுதான் முதல்முறையாக யோசிக்கிறான்.

வலைக்கு முன்னால் சட்டம் வேண்டும். அதைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் 1 இஞ்ச் ஜிஐ சதுரக் குழாயில் 7 அடி உயரத்துக்கு அடித்துக்கொடுத்தார்கள், 14,000 ரூபாய் ஆனது. அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம், வெல்டிங் வைக்கும் இடத்தில் ஜிஐ மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், முதலில் துரு பிடிப்பதும் அங்கேதான். ஒவ்வொரு ஒட்டிலும் ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்குங்கள், கடல் காற்று வீசும் ஊர் இது.

சரி, வலை. மூன்று பக்கமும் மேலேயும் சேர்த்து 378 சதுர அடி வந்தது, அடிக்கு 22 ரூபாய், 16 ரூபாய் சில்லறையை விட்டுவிட்டு 8,300 வாங்கிக்கொண்டார்கள். பேசும்போது 30 மில்லிமீட்டர் கண், அதாவது வலையின் ஓட்டை அளவு, என்றார்கள். கட்டிவிட்டுப் போனபின் ஸ்கேலை வைத்து அளந்தால் முழுசாக 2 இஞ்ச், அதாவது 50 மில்லிமீட்டர். புறாவுக்கு அது போதும். என் இன்னொரு பூனை பஞ்சுவுக்கு அப்போது ஐந்து மாதம், அதில் தலையை விட்டுக் காதுவரை போய்விட்டாள், பின்னால் எடுக்க முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், கத்தரிக்கோலால் வலைக் கண்ணை வெட்டி அவளை எடுத்தேன். இல்லாத நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மூன்று முறை போன் செய்தபின் வந்து, "ஸ்டாக்ல அதுதாங்கா இருந்துச்சு" என்று தலையைச் சொறிந்துகொண்டு, கூடுதல் காசு கேட்காமல் மாற்றிக்கொடுத்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு மார்க் தரலாம்.

அப்புறம் கீழ் ஓரம். புறா மேலேயிருந்து வரும் என்பதால் இவர்கள் மேல் ஓரத்தை வரிந்து கட்டுகிறார்கள், தரையோரத்தில் இரண்டு அடிக்கு ஒரு கொக்கி என்று விட்டுவிடுகிறார்கள். பூனை வேலை பார்ப்பது முழுக்கத் தரையோரத்தில்தான். முகத்தை வைத்து முட்டும், காலால் தூக்கும், முடியாவிட்டால் கடிக்கும். மாற்றிய வலையில் சுண்டல் ஒரே வாரத்தில் மூன்று இழையை அறுத்துவிட்டான். கடைசியில் நானே ஹார்டுவேர் கடையில் 1 இஞ்ச் கண் உள்ள வெல்ட் மெஷ் (இரும்புக் கம்பி வலை) 3 அடி அகலத்தில் 34 அடி வாங்கி, அந்த வெல்டிங் பட்டறைப் பையனையே கூப்பிட்டுக் கீழ்ப்பக்கம் சுற்றிலும் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. முதலிலேயே செய்திருந்தால் கீழ்ப்பாதி வலைக்குக் கொடுத்த காசு மிச்சம். யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கீழே இரும்பு, மேலே நைலான். நைலானும் நம் வெயிலில் நாளாக நாளாக மொறுமொறுவென்று ஆகிவிடும், மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

மேலே நிழலுக்குப் போட்ட பச்சை வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 75 சதவீத நிழல் தரும் ரகம் வாங்கினேன், கத்திரி வெயிலில் 50 சதவீதம் பத்தாது. ஆனால் இது காற்றில் பாய்மரம் மாதிரி உப்பும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அதற்கு முந்தின நாள் மாலை அப்பாவும் நானும் அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்தோம். அவிழ்க்காமல் விட்ட ஒரு மூலை மட்டும் கொக்கியோடு பிய்ந்து தண்ணீர்த் தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. புறா வலை மட்டும் காற்றை உள்ளே விட்டு அசையாமல் நின்றது.

செடிகள்தான் எனக்குப் பிடித்த பகுதி, சண்டையும் அங்கேதான். ஈசிஆர் ஓரத்து நர்சரி ஒன்றில் "பூனைக்கு ஆகாத செடி எது?" என்று கேட்டதும், "பூனை என்ன செடியா தின்னும், மேடம்?" என்று சிரித்தார்கள். தின்னும். புல்லைத் தின்று வாந்தி எடுக்காத பூனையை நான் பார்த்ததில்லை. அவர்கள் எடுத்து நீட்டியது மூன்றும் ஆகாதவை: அரளி, அடீனியம், லில்லி. முதல் இரண்டும் இதயத்தைத் தாக்கும். லில்லி அதைவிடக் கொடுமை, உண்மையான லில்லி வகையென்றால் ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். சைக்கஸும் வேண்டாம். மணி பிளான்ட் உயிரை எடுக்காது, வாய் எரிந்து எச்சில் ஒழுகும், அதையும் வீட்டுக்குள் உயரத்தில் ஏற்றிவிட்டேன். நான் வைத்திருப்பது செம்பருத்தி, அரேக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், ஒரு அகலத் தொட்டியில் அறுகம்புல். புல் தொட்டி முழுக்கப் பூனைகள் சொத்து.

காசு கொடுக்காமல் கிடைத்த செடி குப்பைமேனி. களை என்று வேரோடு பிடுங்கித் தரையில் போட்டேன். அடுத்த நிமிஷம் சுண்டல் ஓடிவந்து அந்த வேரில் கன்னத்தைத் தேய்த்து, வாய் ஓரம் எச்சில் வடிய, புரண்டு புரண்டு பின்னங்காலால் உதைத்து ஒரு பத்து நிமிஷம் வேறு உலகத்தில் இருந்தான். அம்மா பார்த்துவிட்டு, "அதுக்குப் பூனைவணங்கின்னு இன்னொரு பேரு இருக்குடி, உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது. அந்த மாதம்தான் ஆன்லைனில் கேட்னிப், அதாவது பூனைகளைக் கிறங்கவைக்கும் இலை, ஒரு பொட்டலம் 350 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பஞ்சு இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள், சில பூனைகளுக்கு இது பிறவியிலேயே ஏறாது.

ஆன்லைனில் வாங்கிய இன்னொன்று பூனைக் கோபுரம், கம்பளி ஒட்டியது, 3,200 ரூபாய். மாடிக்குச் சுத்தமாக லாயக்கில்லை, ஒரு மழையில் ஊறி நாறிவிட்டது. அதற்குப் பதில் 4 இஞ்ச் பிவிசி குழாயில் தேங்காய் நார்க்கயிறு இறுக்கமாகச் சுற்றி, சிமென்ட் போட்ட பெயின்ட் வாளியில் நட்டுவைத்தேன், 400 ரூபாய்கூட ஆகவில்லை, நகத்தைத் தீட்டி அதையே கந்தலாக்கிவிட்டார்கள். பாட்டி காலத்து ஆட்டுக்கல் ஒன்று மூலையில் கிடந்தது. மே மாதத்தில் அதன் குழிக்குள் சுருண்டு படுக்க இருவருக்கும் தினம் அடிதடி. நிழலில் கிடக்கும் கருங்கல் அவ்வளவு குளிர்ச்சி.

ஒரு எச்சரிக்கை. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த பொலபொலப்பான மண்ணைப் பூனை தோட்டம் என்று பார்க்காது, கக்கூஸ் என்றுதான் பார்க்கும். கீரைப் பை வைத்த முதல் நாளே போய்விட்டது. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு உண்டு, கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இது விளையாட்டு இல்லை. அதனால் கீரைப் பைகள் இப்போது வலைக்கு வெளியே, உள்ளே உள்ள தொட்டிகளின் மேல் கூழாங்கல், ஓரத்தில் தனியாக ஒரு மணல் டப், தினமும் அள்ளிவிடுகிறேன். மாடியைக் கழுவ ஃபினாயிலும் கிடையாது. பூனையின் ஈரல் அந்தச் சாமானைச் செரிக்காது, தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பிராணி அது. வேலைக்கு வரும் அக்காவுக்கு இதைப் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது, அவர் இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

வலைக்காரர்களுக்கு 5க்கு 3. கை சுத்தம், பேசிய நாளில் வந்தார்கள், தப்பைத் திருத்தினார்கள். பூனை என்று சொன்னதும் கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கீழ் பிளாட்டுக்காரர் சமையலறைப் பால்கனிக்கு நம்பர் கேட்டார், கொடுத்தேன். அவருக்குத் தொல்லை உண்மையிலேயே புறாதான். ஸ்கேலும் கொடுத்துவிட்டேன்.