புதியவருக்கு ஒரே நூல்: காரைக்குடி வாடகை நூலகம் ஒன்று

காரைக்குடியில் நான் அண்மையில் சேர்ந்த வாடகை நூலகத்தில், பழைய உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் நான்கு நூல்கள் எடுக்கலாம் என்றிருக்க, புதியவருக்கு முதல் மூன்று மாதங்கள் ஒன்றுதான். வைப்புத்தொகை வாங்கிய பிறகும் இது எதற்கு என்று முதலில் எரிச்சலாகவே இருந்தது. ஆனால், பைண்டு செய்த பழைய தொடர்கதைத் தொகுப்பு தொலைந்தால் பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற சேகரிப்பாளர் ஆயுள் முழுதும் சேர்த்த பழைய நூல்களையும் இதழ்களையும், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அவை சென்னையில் ஆய்வு நூலகமான கதையை அறிந்தவர்களுக்குப் பழந்தாளின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அரிய நூல்களுக்குத் தடை சரியே. நேற்று வந்த வார இதழுக்கும் அதே விதி என்பதுதான் பொருந்தவில்லை. கணக்கெழுதும் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். யோசிப்பதாகக் கூறி, அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஓர் இதழைத் தந்தார்.