மண் கல் வீடு: நான்கு கோடையும் ஒரு புயலும் பார்த்த பிறகு

வீட்டுக்கு முதல் தடவை வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "பூச்சு வேலை இன்னும் முடியலையா?" ஆரம்பத்தில் உட்கார வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன்.

திண்டிவனம் பக்கத்தில் 950 சதுர அடி வீடு. 2021-ல் ஆரம்பித்து 2022 தை மாதம் குடி வந்தோம். நான், கணவர், அம்மா, பத்தாவது படிக்கும் மகன். மண் கல் வீடு பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை கிரகப்பிரவேசத்தன்று எடுத்த வீடியோக்கள், பின்னணியில் புல்லாங்குழல் வேறு. குடியிருந்து, மழையில் நனைந்து, ஆணி அடித்துப் பார்த்து எழுதியவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். கல்லுக்கும் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண் போடப் போகிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் கல். செம்மண்ணைச் சலித்து, சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, இரும்பு அச்சில் போட்டு லீவரை இழுத்து அழுத்தி எடுப்பது. சூளை கிடையாது, விறகு கிடையாது. மூடி வைத்துத் தண்ணீர் காட்டி நான்கு வாரம் பதப்படுத்தினால் தயார். எங்கள் பக்கத்தில் இதை ஒரு தொழிலாக்கியது ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட். 1989-ல் தொடங்கியவர்கள், ஆரம் 3000 என்ற கைப்பிரஸ் அவர்கள் வடிவமைத்ததுதான். "மண்ணு கரைஞ்சிடாதா?" என்று கேட்கிறவர்களை நான் அங்கே விகாஸ் குடியிருப்பைப் போய்ப் பார்க்கச் சொல்வேன், நான்கு தளம் இந்தக் கல்லில் நிற்கிறது. வங்கியில் கடனுக்கு மதிப்பீடு செய்ய வந்தவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார், அவருக்கு ஐ.எஸ். 1725 என்று இந்தக் கல்லுக்கே இந்தியத் தர அளவு இருப்பதைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

மண் எங்கள் மனையிலேயே கிடைத்தது. மேல் மண் ஒரு அடியை வழித்துத் தனியாகக் குவித்துவிட்டோம். அதில் வேரும் சருகும் மக்கியதும் கிடக்கும், கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்கு ஆகும். அதற்குக் கீழே இருந்ததை எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே என்று பட்டை பட்டையாகத் தெரியும். மணல் பாதிக்கு மேல், களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்ல மண். நெய்வேலிப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் இதைப் பார்த்துவிட்டுத் தானும் கட்டப் போவதாகக் குதித்தாள், அவள் மனையில் தோண்டினால் கரிசல். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், சுண்ணாம்பு கலந்து பதப்படுத்தாமல் அதில் கல் போட முடியாது. அதற்காக நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து லாரியில் செம்மண் அடித்துக் கட்டினால் அதற்குப் பேர் பசுமை வீடு கிடையாது. அவளுக்குச் சாம்பல் கல்தான் சரி என்று சொன்னேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் நெய்வேலியிலேயே இருக்கும்போது வேறெதற்கு?

மண் எடுத்த பள்ளம் வீணாகவில்லை, 15,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி ஆனது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது பிளான் அனுமதிக்காக வைத்த ஒரு குழாயும் சரளைக்கல் போட்ட ஒரு குழியுமாகத்தான் இருக்கிறது. 950 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 880 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், நல்ல ஐப்பசி மழை நான்கைந்து நாள் பெய்தால் தொட்டி நிறைந்துவிடும். வீட்டிலேயே எனக்குக் குறை சொல்லத் தோன்றாத ஒரே பகுதி இந்தத் தொட்டிதான்.

இனி வெயில். ஒப்பந்தக்காரர் சொன்னது, "மண் வீடு மேடம், ஏசியே வேண்டாம்." 2022 சித்திரையில் ஏசி இல்லாமல் தூங்க முடியவில்லை. சுவர் ஏமாற்றவில்லை, பகலெல்லாம் உள்பக்கம் தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் சித்திரை பிறந்து பத்து நாளில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது. உச்சி வெயில் விழுவது சுவர் மேலா, கூரை மேலா? மொட்டை மாடியில் வெறும் காலை வைக்க முடியாத சூடு அப்படியே தளத்துக்குள் இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு நம் தலை மேல் இறங்கியது.

இத்தனைக்கும் தளம் சாதாரணத் தளம் இல்லை, ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. அதனால் கம்பிகளுக்கு நடுவில் அந்த இடத்தில் இரண்டிரண்டு மங்களூர் ஓட்டைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டால் அவ்வளவு கான்கிரீட் மிச்சம், இடையில் காற்றும் அடைபடும். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய முறை. கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் ஓட்டு வரிசை அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் வெயிலை மேலேயே திருப்பி அனுப்பாமல், உள்ளே வந்த பிறகு ஓட்டைக் காட்டித் தடுப்பது பாதி வேலைதான். 2023 மாசியில் டைல்ஸ் கடைகளில் உடைந்து கிடக்கும் வெள்ளைச் சில்லுகளை அள்ளிவந்து மாடி முழுக்கப் பதித்தோம். சில்லு கிட்டத்தட்ட ஓசி, கூலிதான் செலவு. அந்தக் கோடையில் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் வெப்பமானி மதியத்தில் முந்தைய வருஷத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் காட்டியது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு அறையில் மட்டும் ஏசி ஓடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. தடித்த மண் சுவர் வெயிலைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. மேற்குச் சுவர் மூன்று மணிக்கு வாங்கிய சூட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே விடும், தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று ஓடவிட்டால் தப்பலாம், கொசுவுக்குப் பயந்து மூடினால் அவ்வளவுதான். மேற்கில் இரண்டு புங்கை வைத்தோம். இப்போது ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது, சென்ற கோடையில் வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் ஃபெங்கல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்துவிட்டு நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை, தொட்டி நிறைந்து வழிந்தபடி இருந்தது, அம்மா சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "சுவரைப் பாருடி, சுவரைப் பாருடி" என்றபடியே இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வீடு நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் வெளிச்சத்தில் சுற்றி வந்தபோது தெற்கும் மேற்கும் பழுதில்லை. வடக்குச் சுவரில் மட்டும் கீழ் ஐந்து வரிக் கல் எலி கொறித்த மாதிரி அரித்திருந்தது, சில இடங்களில் விரல் நுனி போகிற அளவுக்கு. ஏன் வடக்கு மட்டும்? மற்ற மூன்று பக்கமும் கூரை இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கில் ஒரு அடிதான். வரைபடத்தில் இரண்டரை இருந்தது. பக்கத்து மனைக்கு இடைவெளி போதாது என்று கட்டும்போது ஒப்பந்தக்காரரின் ஆட்களாகக் குறைத்துவிட்டார்கள், அதற்கு ஈடாகச் சுவர் அடியில் கருங்கல் வரிசையை உயர்த்தியிருக்க வேண்டும், அதுவும் செய்யவில்லை.

செஞ்சியில் எங்கள் பாட்டி வீடு முழுக்க மண் சுவர்தான். ஒரு கைப்பிடி சிமெண்ட் கிடையாது. இறவாரம் அவ்வளவு தாழ்வாக இருக்கும், பெரியவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும், திண்ணை வேறு சுவரின் காலை மறைத்துக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அது மரியாதைக்காக அப்படிக் கட்டியது என்று தாத்தா சொல்லி நம்பிக்கொண்டிருந்தேன். ஃபெங்கலுக்கு மறுநாள் காலையில்தான் புரிந்தது. அந்த இறவாரம் மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்துத்தான். நாங்கள் கல்லை ஆராய்ச்சி செய்தோம், மண்ணைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினோம், கூரையின் விளிம்பை அளந்து பார்க்கவில்லை.

ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டேன். விளம்பரத் தாளில் "இயற்கையோடு இயைந்த இல்லம்" என்று அச்சடித்தவர், "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்லை மேடம்" என்றார். கோபம் வந்தாலும் சிரிப்பும் வந்தது. கடைசியில் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார் வந்தார். அதே செம்மண், நீற்றின சுண்ணாம்பு, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கொஞ்சம் வெல்லம். மூன்று நாளில் அரித்த இடத்தை அடைத்துவிட்டு, "யம்மா, சொவுத்துக்கு ஒண்ணும் இல்ல, ஒரு சார்ப்பு எறக்கிடு" என்றார். இறக்கினோம். அதற்குப் பிறகு வந்த மழைகளில் ஒன்றும் ஆகவில்லை.

விளம்பரத் தாளில் இன்னொரு வரி: "சிமெண்ட் இல்லா வீடு." கல்லிலேயே சிமெண்ட் இருக்கிறது, அடித்தளத்தில் இருக்கிறது, தளத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமெண்ட், சுடும்போது எரிபொருள் விடுகிற புகை போக அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்கும், அதனால் எங்கே எவ்வளவு சிமெண்ட் போகிறது என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் "குறைவு" என்றுதான் இருக்க முடியும், "இல்லை" என்று இருக்காது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் வாங்கச் சொன்னதே நான்தான், அவர்களுக்குத் தோன்றவில்லை. யாராவது "பசுமைத் தரச்சான்று" என்று பேசினால், இங்கே அந்தச் சான்றுக்கு இருக்கும் இரண்டு முறைகளில் எது, ஐ.ஜி.பி.சி.யா, கிரிஹாவா, தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு வாயால்தான் சான்று கிடைத்தது.

பணம். சதுர அடிக்கு 2,100 என்று பேசினோம், 2,450-ல் முடிந்தது. கல்லில் மிச்சமானது, பூச்சும் பெயிண்டும் இல்லாததில் மிச்சமானது, எல்லாம் உண்மை. ஆனால் பூச்சு இல்லாத சுவரில் கோணல் மறையாது, வரி பிடித்து நிதானமாகக் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும், அவருக்குக் கூலி அதிகம். முதலில் வந்த மேஸ்திரி சாதாரணச் செங்கல் வேகத்தில் கட்டிவிட்டுப் போனதில் சமையலறைச் சுவரைப் பாதி பிரித்துக் கட்டினார்கள். மின்சாரக் குழாயும் தண்ணீர்க் குழாயும் கல் வைக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், பிறகு வெட்டினால் தழும்பு அப்படியே தெரியும். சாமி அறையில் பிளக் எங்கே என்று அம்மா கடைசி நாளில்தான் முடிவு செய்தார், தழும்பு இருக்கிறது.

சில்லறை விஷயங்கள்: சுவரில் சாய்ந்தால் வெள்ளைச் சட்டையில் லேசாகச் சிவப்பு ஒட்டும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மேலே ஒரு பூச்சுத் திரவம் அடித்தால் குறையும். குளவி கூடு கட்டினால் சுவர் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கொட்டிய பிறகுதான் தெரியும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பது, சூளைக்குப் போவதில்லை, காலுக்கு அவ்வளவு சுகம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்ததை மட்டும் பசுமைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன், நாத்தனாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்லுக்குப் பத்துக்கு எட்டு. ஒப்பந்தக்காரருக்கு நான்கு, அதிலும் ஒன்று தொட்டிக்காக. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வடக்குக் கூரையை அளக்காமல் விட்ட எனக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரும் ஐப்பசிக்குள் கிழக்கிலும் ஒரு சார்ப்பு இறக்கலாம் என்று இருக்கிறோம். பழைய மங்களூர் ஓடு ஒன்றுக்கு இங்கே 14 ரூபாய் சொல்கிறார்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் வீடு பிரிக்கிறவர்கள் யாராவது அதைவிடக் குறைத்துத் தருவதாகத் தெரிந்தால் சொல்லுங்கள், 600 ஓடு வேண்டும்.