அலமாரிக்கு ஆசாரியா, ஃபேக்டரியா, இரும்பு பீரோவா? வீணாகும் பலகையை வைத்து ஓர் அலசல்

சேலத்தில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிற எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான். அலமாரியை ஆசாரியை வரவழைத்து வீட்டிலேயே செய்வதா, ஃபேக்டரியில் செய்த மாடுலர் வாங்குவதா, இல்லை இந்த வம்பே வேண்டாம் என்று இரண்டு இரும்பு பீரோவை இறக்கிவிடுவதா. விலையை ஒப்பிட்டுச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இங்கே நான் பார்ப்பது எதில் எவ்வளவு பொருள் வீணாகிறது, அந்த வீணுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை மட்டும். ஆசாரி வேலை என்றாலே வீண், மெஷின் என்றாலே சிக்கனம் என்று ஷோரூமில் சொல்வார்கள், அதில் பாதிதான் உண்மை. ரம்பம் ஓடுவதற்கு முன்பே, நாம் வாய் திறந்து ஓர் அளவு சொல்கிறோமே, அங்கேயே பெரும்பங்கு போய்விடுகிறது.

எப்படி என்றால், பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி, மில்லிமீட்டரில் 2440-க்கு 1220. புத்தக அலமாரிக்கு 16 அங்குல ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலடி என்பது 48 அங்குலம், மூன்று பட்டை கச்சிதமாக வரும் என்று மனக்கணக்கு சொல்லும். வராது. மூன்று 16 அங்குலப் பட்டைக்கே 1219 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தூளாக்கித் தின்றுவிடும், இரண்டு வெட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் 1225-ஐத் தாண்டிவிடும். மூன்றாவது பட்டை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைந்து நிற்கும். அது வேறு எதற்காவது உதவினால் உண்டு, இல்லையென்றால் ஷீட்டில் மூன்றில் ஒரு பங்கு சுவரோரம் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். இதையே 15¾ அங்குலம், அதாவது 400 மில்லிமீட்டர் என்று சொல்லியிருந்தால் மூன்று பட்டையும் முழுசாக வந்து, ஷீட்டின் ஓரம் சீவவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். கால் அங்குலம் குறைந்ததால் எந்தப் புத்தகமும் வெளியே தலை நீட்டப் போவதில்லை.

உயரத்திலும் இதே கதை. ஏழடி அலமாரி என்றால் ஒவ்வொரு ஷீட்டிலும் நாலுக்கு ஓரடி மிச்சம், எட்டில் ஒரு பங்கு. அந்த ஓரடித் துண்டுகளை டிராயருக்குப் பக்கப் பலகையாகப் போடத் திட்டம் இருந்தால் அது வீண் இல்லை, திட்டம் இல்லையென்றால் வீண். அப்புறம் பலகை மேல் ஒட்டும் மைக்கா. மரக்கோடு போட்ட மைக்காதான் அழகு என்று எடுத்தால் எல்லாக் கதவிலும் கோடு ஒரே வாக்கில் ஓட வேண்டும், துண்டைத் திருப்பிப் போட்டு இடத்தை அடைக்க முடியாது. ஒரே நிறமாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். கடையில் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, ஆசாரி பக்கம் வருவோம். இங்கே வீண் எவ்வளவு என்பது அவர் கைத்திறமையைவிடப் பேசிக்கொண்ட ஏற்பாட்டைப் பொறுத்தது. கூலி மட்டும் பேசி, பலகை நாம் வாங்கிக் கொடுக்கிறோம் என்றால் ஷீட்டை மிச்சம் பிடிக்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. யோசித்து வெட்ட நேரம் ஆகும், அந்த நேரம் அவர் கூலியில் இருந்து போகும். புது ஷீட்டில் கைவைப்பதுதான் அவருக்குச் சுலபம், "இன்னும் ரெண்டு ஷீட் சொல்லிருங்க சார்" என்று போன் வரும். மெட்டீரியலோடு சதுர அடி ரேட் பேசினால் கதை தலைகீழ். துண்டுத் துண்டாக ஒட்டியாவது உள்பக்கத்தை ஒப்பேற்றிவிடுவார், அப்போது நாம் கவனிக்க வேண்டியது வேறு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன பலகை போகிறது என்பது. இரண்டையும் பார்த்தால் எனக்குச் சரியாகப் படுவது கூலி மட்டும் பேசி, ஷீட் வாங்குவதற்கு முன்னால் வெட்டுக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்வது. நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசாரி வேலையில் ஷோரூம்காரர்கள் சொல்லாமல் விடுகிற லாபம் ஒன்றும் இருக்கிறது. மிச்சத் துண்டு அதே வீட்டிலேயே செருப்பு ஸ்டாண்டாகவோ பூஜை அலமாரித் தட்டாகவோ பரணுக்குத் தடுப்பாகவோ மாறிவிடுகிறது. சுவர் கோணலாக இருந்தால், நம் ஊரில் பெரும்பாலும் இருக்கும், அதற்கேற்ப அங்கேயே இழைத்துப் பொருத்திவிடுவார். அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எதுவும் கிடையாது. ஒரே வருத்தம் அந்த மிச்சத்தை எரிப்பது. வேம்புத் துண்டையும் வேங்கைத் துண்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டால் ஒன்றும் இல்லை. பிளைவுட்டும் மைக்காவும் பசையும் பிசினும் ஊறிய சரக்கு, அதன் புகை நல்லதில்லை. குவியலாகப் பார்த்தால் எல்லாம் மரத்துண்டுதான் என்று அடுப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

ஃபேக்டரிக்கு வந்தால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வெட்டுவதால் வீண் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டரால் ஷீட்டை நீட்ட முடியாது. அதன் உண்மையான பலம் பல வீட்டு ஆர்டரை ஒன்றாகச் சேர்த்து அடுக்குவதில் இருக்கிறது: அஸ்தம்பட்டியில் ஒருவர் வீட்டு அலமாரியில் மிஞ்சிய இடத்தில் சூரமங்கலத்துக்காரரின் டிராயர் உட்கார்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஓர் ஆர்டரை மட்டும் வெட்டும் சின்னப் பட்டறை அதே மெஷினை வைத்திருந்தாலும் இந்த லாபம் கிடைக்காது. கோட்டேஷன் வாங்கும்போது எத்தனை ஆர்டரைச் சேர்த்து வெட்டுவீர்கள், மிச்சத் துண்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளின் தரம் தெரிந்துவிடும். பூச்சு முடியாத சுவரில் அளவெடுத்துப் போய், டைல்ஸ் ஒட்டிய பிறகு பெட்டி உள்ளே போகாமல் நின்றால் அந்தக் கதவும் பக்கப் பலகையும் அப்படியே குப்பை, எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. டொயோட்டா கார் கம்பெனியின் பொறியாளர் தாயிச்சி ஓனோ வகைப்படுத்திய ஏழு வீண்களில் குறைபாடுள்ள சரக்கும் ஒன்று, தேவைக்கு மேல் செய்து அடுக்குவதும் ஒன்று. ஆர்டர் வந்த பிறகே பலகையைத் தொடும் நம் ஆசாரி, இரண்டாவது வீணை ஓனோவைப் படிக்காமலேயே தவிர்த்துவிடுகிறார்.

ஃபேக்டரி அலமாரிகளில் அதிகம் வரும் பார்ட்டிக்கிள் போர்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செய்யும் இடத்தில் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான சரக்கு கிடையாது, அறுவை மில்லில் விழும் சிராய், தூள், கரும்புச் சக்கை எல்லாம் பசையோடு சேர்ந்து பலகையாகிவிடுகிறது. கஷ்டம் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். சிங்குக்குக் கீழே ஒரு கசிவு இருந்தால் போதும், உப்பிக்கொள்ளும், உப்பியது திரும்பாது. கீல் திருகு ஒருமுறை தளர்ந்தால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. வாடகை வீட்டில் நாலு முறை கழற்றி மாட்டுகிறவர்கள் இதை வாங்கினால் கடைசியில் பெரிய வீண் இதுதான். படுக்கையறையில், சுவரோடு அசையாமல் நிற்கும் பெட்டிக்குப் பரவாயில்லை. சமையலறைக்குத் தண்ணீர் தாங்கும் ரகம், ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் எடுங்கள்.

இரும்பு பீரோவை இந்த ஒப்பீட்டில் யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு அது புரியவே இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் தரை கூட்டிய தூசியைக்கூட வீசமாட்டார்கள், அதிலும் வெள்ளி இருக்கிறது. தகடு வெட்டும் பட்டறையிலும் அதே நடப்புதான், ஓரத் துண்டு மொத்தமும் எடை போட்டு பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து உருக்குக்குப் போகிறது. பிளைவுட் துண்டை எடைக்கு எடுக்க ஆள் உண்டா? பீரோ முப்பது வருஷம் கழித்தும் விலை போகும், பெயின்ட் அடித்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கோத்ரெஜ் 1923-இல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்ததில் இருந்து அதன் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை, அதனால் பழசு என்று யாரும் தள்ளுவதும் இல்லை. (சேலம் உருக்காலைத் தகட்டில் செய்தது என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த ஆலை பெயரெடுத்தது எவர்சில்வரில், பீரோ செய்வது சாதா இரும்புத் தகட்டில்.) குறையும் உண்டு. இரும்பை உருக்கிச் செய்ய ஆகும் எரிபொருள் மரத்துக்கு ஆவதைவிட அதிகம். அப்புறம் பீரோவை லாரியில் ஏற்றினால் பாதி லோடு காற்று. ஆஸ்திரியாவின் தோனே நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும், அந்தக் காலத்திலேயே அப்படி யோசித்திருக்கிறார்கள். நம் பட்டறைகள் இன்னும் முழு பீரோவாக வெல்டிங் வைத்துத்தான் அனுப்புகின்றன.

கடைசியாக முழு மரம். உருண்டை மரத்தை அறுத்தால் பலகையாகத் தேறுவது ஏறத்தாழ பாதி, மீதி பட்டையும் ஓரமும் தூளுமாகப் போகிறது, அதனால் காகிதத்தில் பார்த்தால் இதுதான் மோசம். ஆனால் அந்த மீதியில் பசை இல்லை, எரிக்கலாம், மக்கும், தூள் அடுப்புக்குப் போகும். ஏற்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களைத் தெரியும் என்றால் சில்வர் ஓக்கை விசாரியுங்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம், காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் நட்டது, பெரும்பாலும் பெட்டி அடிக்கவும் பிளைவுட்டுக்கும் குறைந்த விலையில் போகிறது. பக்குவமாக அறுத்தால் பலகையில் சரிகை மாதிரி மினுமினுப்பு தெரியும். தேக்கு அளவுக்கு உழைக்காது, பூச்சி மருந்து ஏற்றாமல் வாங்கக் கூடாது. அதைவிட முக்கியம் காய வைப்பது. 1500 மீட்டர் உயரத்துப் பனியில் கிடந்த பலகையை நேராகக் கீழே கொண்டுவந்து கதவு செய்தால் சேலத்துச் சித்திரை வெயிலில் சுருங்கி இடைவெளி விட்டுவிடும். பலகைக்கு நடுவே ரீப்பர் கட்டை வைத்துக் காற்றுப் போக அடுக்கி, நிழலில், பொருத்தப் போகும் ஊரிலேயே சில மாதம் காய விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே மரத்துக்கு நல்லது.

என்னைக் கேட்டால், துணிமணிக்கும் நகைக்கும் இரும்பு பீரோ, அதுவும் பழசாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சமையலறைக்கும் சுவரோடு சுவராக நிற்கும் பெட்டிக்கும் பிளைவுட், ஆனால் வீட்டில் வைத்து அறுக்காமல், பேனல் மெஷினில் கூலிக்கு வெட்டி ஓரத்தில் எட்ஜ் பட்டி ஒட்டித் தரும் கடையில் கொடுத்து, பொருத்துவதை மட்டும் ஆசாரியிடம் விடுவது. ஏற்காட்டில் வீடு என்றால் பார்ட்டிக்கிள் போர்டு பக்கமே போகாதீர்கள், அந்த ஈரத்துக்கு அது தாங்காது. பீரோவும் அடியில் இருந்து துருவேறும். கல்லோ கட்டையோ வைத்துத் தரையில் இருந்து நாலு விரல் தூக்கி நிறுத்துங்கள்.