சினைப்பைக் கட்டிக்கான மறு ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

சினைப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த உடனேயே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்ட என் அக்காவுக்காக, பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்றில் மறு ஆலோசனை கேட்டோம். கட்டியை எப்படி எடுப்பது என்று பேசுவதற்கு முன், அதை எடுக்கத்தான் வேண்டுமா, எடுப்பதென்றால் யார் எடுக்க வேண்டும் என்ற கேள்விகளில் தொடங்கியதே இச்சேவையின் பெருஞ்சிறப்பு.

பழைய அறிக்கையை மட்டும் நம்பாமல், பிறப்புறுப்பு வழி ஸ்கேனை மீண்டும் எடுத்து, கட்டிக்குள் தடுப்புகள், திடப் பகுதி, ரத்த ஓட்டம் ஆகியவை உள்ளனவா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார்கள். சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய சிஏ 125 என்ற ரத்தப் புரதம் சற்றுக் கூடியிருந்ததால் நாங்கள் கலங்கிப்போயிருந்தோம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), இடுப்புக்குழித் தொற்று ஆகியவற்றாலும், ஏன், மாதவிலக்கு நாட்களிலும்கூட அது உயரலாம் என்றும், தொடக்கநிலைப் புற்றுநோயில் அது உயராமலே இருந்துவிடலாம் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஸ்கேன் புள்ளி, மாதவிடாய் நிலைக்கான புள்ளி, சிஏ 125 ஆகிய மூன்றையும் பெருக்கிக் கணிக்கும் ஆர்எம்ஐ என்ற புற்றுநோய் அபாயக் குறியீடு அக்காவுக்கு, பொதுவாக எல்லையாகக் கொள்ளப்படும் 200-க்கு வெகுவாகக் கீழே இருந்தது. இருந்தும், வயது 40-க்குள் என்பதாலும் கட்டியில் திடப் பகுதி தெரிந்ததாலும், இளம் வயதில் வரக்கூடிய சினைமுட்டைச் செல் புற்றுநோயைக் காட்ட உதவும் ஏஎஃப்பி, எச்சிஜி, எல்டிஎச் ரத்தப் பரிசோதனைகளையும் செய்த பிறகே முடிவெடுத்தார்கள்.

ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள கட்டியை அவ்வாறு குத்தக் கூடாது என்றும், சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் 1ஏ நிலைப் புற்றுநோய்கூட அறுவையின்போது உடைந்து கசிந்தால் அதைவிட ஒரு படி கூடுதலான 1சி நிலையாகக் கருதப்படும் என்றும், அதனால் கீமோதெரபி தேவைப்படலாம் என்றும் பதில் வந்தது. ஆகவே சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையைக் காத்து, கட்டியை மட்டும் உரித்து, பைக்குள் இட்டு வெளியே எடுத்தார்கள். அது முடி, கொழுப்பு போன்ற திசுக்கள் கொண்ட, புற்றுநோயற்ற டெர்மாய்டு கட்டி என்று பயாப்சி உறுதிசெய்தது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே திசுவைச் சோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் பற்றி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் வேளையில்தான் சொன்னார்கள். முடிவு புற்றுநோய் என்று வந்தால் மற்றச் சினைப்பையையும் கருப்பையையும் எடுக்கலாமா என்பதைக் குழந்தை பெற விரும்பும் ஒரு பெண் அந்தச் சில நிமிடங்களில் தீர்மானிக்க முடியாது. சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட பார்டர்லைன் வகைக் கட்டிகளில் அச்சோதனை தவறவும் கூடும் என்பதால், முதல் சந்திப்பிலேயே இதைப் பேசியிருக்க வேண்டும். இங்கே செல்பவர்கள் அறிக்கையோடு மூல ஸ்கேன் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் பற்றிய கேள்வியை நீங்களே முதலில் எழுப்புங்கள்.