கம்பெனி குரூப் போட்டோவுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் சிறு கம்பெனிகளில் ஹெச்.ஆர்., அட்மின் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கார்ப்பரேட் டீம் போர்ட்ரெய்ட் பேக்கேஜ்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் ஒரு ஸ்டுடியோவிடம் எங்கள் கம்பெனியின் ரூ.22,420 மாட்டிக்கொண்டிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நாங்கள் பம்புசெட் உதிரி பாகம் செய்பவர்கள். ஆபீஸ், லேத், வெல்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 46 பேர். கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சிக்கு ஸ்டால் எடுத்திருந்தோம். பின்சுவர் முழுக்க, 10 அடி அகலத்தில், எல்லோரும் இருக்கிற ஒரே படம் வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. "ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி விறைப்பா வேண்டாம்மா, கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும்" என்றார்.

அந்த ஸ்டுடியோவின் பக்கத்தில் ஸ்டைலுக்குக் குறைவே இல்லை. கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ், கோட் போட்ட பத்துப் பேர், ஒருவர் மேஜை விளிம்பில் சாய்ந்து, ஒருவர் கை கட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் மெத்தென்று விழுகிறது. "எல்லாம் நம்ம கோயமுத்தூர் கிளையன்ட்ஸ்தாங்க மேடம்" என்றார் ஸ்டுடியோக்காரர் போனில். பிற்பாடு எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சுவரில் இருந்த பிளக் பாயின்டில் நீளவாக்கில் இரண்டு தட்டையான துளை, பக்கத்தில் சுவிட்சே கிடையாது. அமெரிக்காவில் இருக்கிற சாக்கெட் அது. நம்மூரில் எந்த ஆபீஸில் அதை மாட்டுவார்கள்? அப்புறம் கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் வெளிநாட்டு ஸ்டாக் போட்டோ தளத்தில் விலைக்குக் கிடக்கிறது. அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கொட்டேஷன் ரூ.38,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ரூ.44,840. ஃபுல் ஃபிரேம் கேமரா (பெரிய சென்சார் உள்ளது), பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது), நான்கு ஸ்டுடியோ லைட், சீனியர் போட்டோகிராஃபர், "பிரீமியம் ரீடச்சிங்" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பாதி முன்பணம். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கியது, தமிழ்நாட்டு எண்தான், பார்வைக்குச் சரியாகவே இருந்தது. மாதக் கணக்கு முடிக்கும்போது எங்கள் அக்கவுன்டன்ட் அண்ணன் அதை ஜிஎஸ்டி போர்ட்டலில் அடித்துப் பார்த்தார். பதிவு ரத்து என்று வந்தது. ரத்தான எண்ணை வைத்து வரி என்று தனியாக வாங்குவது சட்டப்படி செல்லாது, நமக்கும் அந்த வரியில் உள்ளீட்டுக் கிரெடிட் (நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை) வராது. அந்தத் தேடலுக்கு லாகின்கூடத் தேவையில்லை, எண்ணும் கேப்சாவும் போதும்.

படம் எடுக்கும் நாளுக்கு வருகிறேன். தை மாதம். நாளைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான். காலை ஒன்பது மணிக்கு என்று சொல்லி, ஷிப்டை நிறுத்தி, எல்லோரும் புது யூனிஃபார்மில் தயார். பதினொன்றரைக்கு ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். லைட் ஒன்றுகூட இல்லை. "சீனியர் எங்கப்பா?" என்றால், "இன்னிக்கு முகூர்த்தங்க மேடம், அண்ணன் மண்டபத்துல மாட்டிக்கிட்டாருங்க" என்றான் மூத்தவன். காலண்டரைப் புரட்டினால் அன்றைக்கு நல்ல முகூர்த்தம்தான். கல்யாண ஆர்டர் எடுக்கும் ஸ்டுடியோக்களுக்கு லட்சத்தில் பேசுகிற வேலை அது, நம் கம்பெனி படம் அவர்களுக்கு இடைச்செருகல். நாள் குறிப்பதற்கு முன் பஞ்சாங்கம் பாருங்கள், கேலியாகச் சொல்லவில்லை. யார் வந்து எடுக்கப்போகிறார் என்பதையும் மின்னஞ்சலில் பெயரோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் வாசல் படியில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், எங்கள் ஷெட்டின் வடக்குப் பக்கம் மதியத்திலும் நிழல்தான். அங்கே நிறுத்தலாமே என்று வெல்டிங் பிரிவில் ஒருவர் சொன்னதற்கு, "எடிட்டிங்ல பார்த்துக்கலாங்ணா" என்று பதில். கண் குழியெல்லாம் கறுப்பு, கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு வெள்ளை வட்டம். பின்னால் போக இடமிருந்தும் பக்கத்தில் நின்று அகலமான லென்ஸில் எடுத்தார்கள். அப்படி எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபடும். 46 பேர் நிற்கும் படத்தில் யாராவது ஒருவர் கண் சிமிட்டாமல் இருக்க மாட்டார், அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அசையாமல் நிற்கச் சொல்லி அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டு, மூடிய கண்ணுக்கு அடுத்த ஃபிரேமிலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டுவார்கள். இவர்கள் நாலைந்து கிளிக்கோடு மூட்டை கட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்தபோதுதான், அதுவரை எரிச்சல் மட்டும்தான்.

எல்லோரும் வெள்ளைக்காரர்களாக ஆகியிருந்தார்கள். பேக்கிங்கில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் அக்காவுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, அது இல்லை. மூக்குத்தி ஒரு மங்கலான புள்ளி. தோல் மெழுகு பூசியதுபோல் பளபளப்பு. லேத் அண்ணனின் நெற்றியில் மூன்று கோடாக இருந்த திருநீறு துடைக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒரு ஏஐ செயலியில் மொத்தமாகப் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்பது ஐடி கார்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல். அன்றைக்கு லீவில் இருந்த ஒருவரைத் தனியாகப் படம் அனுப்பச் சொல்லி ஒட்டியிருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் மூக்கு நிழல் நேர் கீழே விழ, அவருக்கு மட்டும் இடது கன்னத்தில்.

அந்த அக்கா என் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இதுல நான் எங்க இருக்கறேன்?" என்று கேட்டார். இரண்டாவது வரிசையில் காட்டினேன். "இது யாரோ" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்பாக இருப்பவரை வெளுப்பாக்குவதை இன்னமும் "டச்சப்" என்று சொல்லிக் காசு வாங்குகிற பழக்கம் நம்மூர் ஸ்டுடியோக்களை விட்டுப் போகவில்லை. நிறத்தைத் தொடக்கூடாது, மச்சம், தழும்பு, பொட்டு, திருநீறு எதையும் எடுக்கக்கூடாது என்று ஆர்டரிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

படத்தின் அளவு அடுத்த கூத்து. வந்தது 1600 பிக்சல் அகலம். 10 அடி என்பது 120 அங்குலம், அங்குலத்துக்கு 13 புள்ளிதான் கிடைக்கும். பிளெக்ஸ் அடிப்பவர் தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கே 72 கேட்டார், அதற்கு 8640 பிக்சல் வேண்டும். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால், "காப்பிரைட் எங்களுதுங்க, ஒரிஜினல் வேணும்னா தனியா 12,000" என்றார்கள்.

இது பலரும் நம்பி ஏமாறும் இடம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான். "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்பதைத்தான் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நுழைப்பார்கள். எங்கள் கொட்டேஷனில் அப்படி எதுவும் இல்லை. வக்கீல் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பியதும் டிரைவ் லிங்க் ஒன்று வந்து சேர்ந்தது.

ஒரிஜினல் 6000க்கு 4000 பிக்சல். ஃபைலோடு சேர்ந்தே இருக்கும் விவரத்தைத் திறந்தால் கேமராவோடு சும்மா வருகிற 18–55 லென்ஸ், அதிலும் 18இல், அதாவது இருப்பதிலேயே அகலமாகத் தெரியும் நிலையில், வைத்து எடுத்தது. ஃபுல் ஃபிரேமும் இல்லை, பிரைமும் இல்லை. ஆனால் அக்காவின் மச்சம் அதில் இருந்தது. எங்களிடம் டிசைன் பார்க்கும் பெண் அதை எடுத்து நிழல் விழுந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஓரத்தை நேராக்கிக் கொடுத்தார், அகலத்தை ஆறு அடியாகக் குறைத்து ஸ்டாலில் ஒட்டினோம். ஸ்டைல் ஒன்றும் இல்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் கேட்டார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவரை நுகர்வோர் என்று கணக்கில் எடுப்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் ஏமாந்தவருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லும் வழி இருக்கிறது, ஸ்டாலுக்குப் படம் எடுத்த கம்பெனிக்கு அது சிக்கல் என்றார் வக்கீல். ஆகவே எங்களுக்கு மிஞ்சியது சிவில் வழக்கும், ரத்தான எண்ணில் வரி வாங்கியதைப் பற்றி வணிகவரித் துறைக்குக் கொடுத்த புகாரும்தான். மீதிப் பாதியை நாங்கள் கொடுக்கவில்லை, முன்பணத்தை அவர்கள் திருப்பவில்லை. கண்ணாடிச் சுவர் ஆபீஸும் கோட்டு போட்ட பத்துப் பேரும் இன்று காலை வரை அவர்கள் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறார்கள்.