கம்பெனி வயரிலேயே புது ஸ்பீக்கர்: ஜேபிஎல் கிளப் 6.5 இன்ச், பழைய ஸ்விஃப்டில்

நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கிடையாது, ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் செட்) இருந்தே ஸ்பீக்கரை ஓட்டப் போகிறீர்கள் என்றால் கம்பெனி போட்டுக் கொடுத்த வயரே தாராளமாகப் போதும். அதை மாற்றக் கேட்கிற காசில் கதவுக்கு டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட்) ஒட்டுங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஏன் என்று கேட்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம், கொஞ்சம் கணக்கு வரும்.

வண்டி பழைய ஸ்விஃப்ட், ட்வீட்டர் (உச்ச ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) இல்லாத வேரியண்ட். முன் கதவு இரண்டிலும் இருந்த பேப்பர் கோன் ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு ஜேபிஎல் கிளப் வரிசையில் 6.5 இன்ச் கோஆக்சியல் (ட்வீட்டரும் நடுவிலேயே சேர்ந்து வருவது) ஒரு ஜோடி போட்டிருக்கிறேன். ஹெட் யூனிட் வெளியில் வாங்கிய டபுள் டின் (இரட்டை உயர அளவு) செட். ஆம்ப் இல்லை. ஸ்பீக்கர் வயரை ஒரு இன்ச் கூட வெட்டவில்லை.

கார் ஆக்சஸரி கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தபோது ஒரு கடையில் ஸ்பீக்கரைக் காட்டுவதற்கு முன்பே வயரிங் கிட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்கள். "சார், கம்பெனி வயர் தலைமுடி மாதிரி இருக்கும், அதுல இந்த ஸ்பீக்கரைப் போட்டா கருகிடும்" என்றார் கடைக்காரர். கிட்டுக்கும் கூலிக்கும் சேர்த்துக் கேட்டது ஸ்பீக்கர் விலையில் ஏறக்குறைய பாதி. எவ்வளவு கரண்ட் போனால் கருகும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, இன்னும் தடியான வேறொரு கிட் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். ஹெட் யூனிட் பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பார்களே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் இருக்கும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி வழக்கமான கார் ஸ்பீக்கரின் ரெசிஸ்டன்ஸான (மின்தடை) 4 ஓமால் வகுத்தால் 52 வாட்டை ஒட்டி வருகிறது. அதாவது சத்தம் முழுக்க உடைந்து சதுர அலையாகப் போனால் கிடைக்கும் உச்சம் அது. உடையாத சுத்தமான சத்தத்துக்கு ஏட்டுக் கணக்கிலேயே 26 வாட்தான், நிஜத்தில் 18 வாட் பக்கம் கிடைத்தால் நல்ல செட். அந்த 18 வாட் போகிற வயரில் ஓடும் கரண்ட் 2 ஆம்பியருக்குச் சற்று மேல், 3 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலும் 3 ஆம்பியருக்குள். கதவுக்குப் போகும் வயர் அரை சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் (20 கேஜுக்குப் பக்கம், கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்) 3 ஆம்பியர் அதற்கு ஒரு விஷயமே இல்லை. கருகுவது இருக்கட்டும், வெதுவெதுப்புக்கூட வராது.

அடுத்தது சத்தம் குறையுமா என்பது. ஹெட் யூனிட்டில் இருந்து கதவு வரை தாராளமாக 4 மீட்டர், போக வர 8 மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக்கு இந்த நீளத்தில் ரெசிஸ்டன்ஸ் 0.27 ஓம் வரும். கடைக்காரர் காட்டிய 16 கேஜ், நிஜமான செம்பாக இருந்தால், 0.1 ஓம். என் 3 ஓம் ஸ்பீக்கரில் முதலாவதால் இழப்பது முக்கால் டெசிபல், இரண்டாவதால் 0.3 டெசிபல். நடுவில் உள்ள வித்தியாசம் அரை டெசிபலுக்கும் கீழே. வால்யூமை ஒரு புள்ளி ஏற்றினால் தீர்ந்தது. இன்னொரு விஷயம், இந்த டெசிபல் இழப்பு வால்யூமைப் பொறுத்து மாறாது, மெதுவாக வைத்தாலும் அலறவிட்டாலும் அதே விகிதம்தான். வால்யூம் ஏற ஏறக் கூடுவது வயரில் பிறக்கும் சூடு மட்டும்.

இங்கே ஜேபிஎல் செய்திருக்கும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் வழக்கமான 4 ஓமுக்குப் பதிலாக 3 ஓம் கொடுத்திருக்கிறார்கள். கார் கம்பெனி வயர் மெல்லியது, அதன் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் ஹெட் யூனிட்டின் பார்வைக்கு 4 ஓம் போலத் தெரியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஃபினிட்டி ஸ்பீக்கர் பிராண்டும் இதையே சொல்கிறது. மேலே போட்ட கணக்கின்படி வயரில் முழு 1 ஓம் வர வாய்ப்பில்லை, ஆகவே அந்த "4 ஓம்" பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பலன் உண்மை: அதே வயர், அதே செட் என்று வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கரைவிட இதற்கு ஏறக்குறைய 1 டெசிபல் பவர் கூடுதலாகப் போகிறது. வயர் மாற்றிக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் கூலி இல்லாமல். ஸ்பீக்கர் வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காமல் சென்சிட்டிவிட்டி எண்ணை (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று டெசிபலில் சொல்வது) பாருங்கள் என்பதும் இதனால்தான். 3 டெசிபல் கூடினால் பவரை இரண்டு மடங்கு ஆக்கியதற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கி 18 வாட்டில் ஓட்டிவிட்டு வயரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2.83 வோல்ட்டில் அளந்த எண்ணா, 1 வாட்டில் அளந்த எண்ணா என்பதையும் கவனியுங்கள், 8 ஓமுக்குக் கீழே இரண்டும் ஒன்றில்லை.

இப்போது கடைகளில் விற்கும் அந்தத் தடி வயர். பார்க்கக் கைவிரல் தடிமனில், பளபளவென்று கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்கும். உள்ளே பெரும்பாலும் அலுமினியம்தான், மேலே செம்புப் பூச்சு. சிசிஏ என்று சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். கடத்தும் திறனில் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு, எனவே 16 கேஜ் சிசிஏ வயர் 18 கேஜ் செம்பு வயர் செய்கிற வேலையைத்தான் செய்யும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லதுதான்.) அதோடு அலுமினிய இழை வளைத்து வளைத்து ஒடியும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். தினமும் திறந்து மூடுகிற கதவு வழியாக அதையா இழுப்பது? கம்பெனி வயர் மெல்லியதுதான், ஆனால் முழுச் செம்பு. கதவு ஆண்டுக்கணக்கில் திறந்து மூடுவதற்கென்றே ரப்பர் குழாய்க்குள் போட்டது. சில கார்களில் ரப்பர் குழாய்க்குப் பதிலாக நிறைய பின்கள் உள்ள பிளக் இருக்கும், அங்கே புது வயர் இழுக்க வேண்டுமென்றால் பிளக்கிலேயே துளை போட வேண்டும், அந்த வேலைக்கு நான் யார் வண்டியையும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

பொருத்தியது தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒரு பக்கம் கம்பெனி கப்ளரில் (வயர் முனையில் இருக்கும் பிளக்) செருகுவது, மறுபக்கம் ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டுவது என்று அடாப்டர் கிடைக்கிறது, மாருதி, ஹூண்டாய், டொயோட்டா எல்லாவற்றுக்கும். கப்ளர் டு கப்ளர் என்று கேட்டு வாங்குங்கள், விலை கம்மி. வாரண்டி இருக்கும் வண்டி என்றால் இது கட்டாயம், நாளைக்கு பவர் விண்டோ நின்றுபோனால்கூட சர்வீஸ் ஆள் கைகாட்டுவது வெட்டி ஒட்டிய ஸ்பீக்கர் வயரைத்தான். பழைய ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை அதன் டெர்மினலில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட பக்கம்தான் பிளஸ், அங்கே வருகிற வயரின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கதவில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றின் பேஸை மற்றொன்று அடித்துவிடும், பாட்டு எலும்பில்லாமல் கேட்கும். "புது ஸ்பீக்கர் போட்டேன், பேஸே இல்லை" என்கிற புகார் பலவற்றின் காரணம் இதுதான், வயரின் தடிமன் இல்லை.

இன்சுலேஷன் டேப் சுற்றவிடாதீர்கள். சென்னை மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் கதவுக்குள் அந்தப் பசை இளகி, டேப் தானாகப் பிரிந்து தொங்கும். ஒட்டுப் போட வேண்டிய இடமிருந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுவதுதான். மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி அடியில் இருக்கும் துளை வழியாக வெளியேறும்படிதான் கதவையே செய்கிறார்கள். ஆகவே ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் வளையம் எம்டிஎஃபில் (மரநார் அழுத்திய பலகை) வேண்டாம், ஊறி உப்பிவிடும், பிளாஸ்டிக் வாங்குங்கள். டேம்பிங் ஷீட்டும் தார் ஷீட் வேண்டாம், வெயிலில் உருகி நாறும். பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) ஷீட் கேளுங்கள், அடித்துளைகளை அடைக்காமல் ஒட்டச் சொல்லுங்கள்.

ஷீட் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் கேட்டேன். ஸ்பீக்கர் மட்டும் மாற்றியபோது குரல் முன்னால் வந்தது, ஜால்ரா சத்தம் தெளிவானது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இன்னும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதாகவே இருந்தது. கதவுத் தகட்டில் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த ஓட்டைகளை மூடிய பிறகுதான் தொப்பியில் பிறக்கும் கனத்த நாதமான அந்தக் கும்கி ஒழுங்காகக் கேட்டது. குறை என்றால் உச்ச ஸ்தாயி. நாதஸ்வரம் மேலே போகும்போது வால்யூம் அதிகமாக இருந்தால் கொஞ்சம் குத்துகிறது, செட்டில் ட்ரெபிளை இரண்டு புள்ளி இறக்கி வைத்திருக்கிறேன். கோஆக்சியல் என்பதால் ட்வீட்டரும் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, பாடகர் டேஷ்போர்டில் நின்று பாடுகிற உணர்வு வராது. அதற்கு ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் செட் வேண்டும்.

காம்போனென்ட் போடும்போது கம்பெனி வயர் கொஞ்சம் தகராறு செய்யும். பல கார்களில் கதவு ஸ்பீக்கருக்கும் தூணில் இருக்கும் ட்வீட்டருக்கும் ஒரே ஜோடி வயர் பிரிந்துதான் போகிறது. பெட்டி போன்ற கிராஸ்ஓவர் (மேல், கீழ் ஸ்தாயிகளைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) என்றால் அதைக் கதவுக்குள் வைத்து, ட்வீட்டருக்குத் திரும்ப ஒரு வயர் இழுக்க வேண்டும். வயரிலேயே கோத்த இன்லைன் கிராஸ்ஓவர் வருகிற செட்டாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆம்ப் போடுகிறவர்களுக்கு: ஒரு சேனலுக்கு நிஜமான 75 வாட் வரை, 4 ஓமில், 4 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், நான் கம்பெனி வயரிலேயே விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால் கப்ளர் பின்கள்தான் முதலில் கவலை, அப்போது நல்ல செம்பில் 16 கேஜ் இழுக்கலாம். சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) எப்போதும் தனி வயர், அதில் பேச்சே இல்லை. வண்டியோடு ஆம்ப் சேர்ந்து வந்த மேல் வேரியண்ட் என்றால் வயர் அந்த ஆம்பில் இருந்து கிளம்பும், ஸ்பீக்கர் ஓமும் வேறாக இருக்கலாம், மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் கழற்றாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி, முந்தைய ஓனர் எங்கெல்லாம் வெட்டி ஒட்டினார் என்றே தெரியாத வண்டிக்கும் அதேதான்.

பின் கதவு ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் செட்டிங்) முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன், பின்னால் உட்காரும் பிள்ளைகள் எப்படியும் போனில்தான் இருக்கிறார்கள்.