ஸ்பானிஷ் வகுப்புக்கு எந்த மெய்நிகர் உலகம்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். மொத்தம் 14 பேர், எல்லாரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். மெக்சிகோவையோ ஸ்பெயினையோ இப்போதைக்குப் போய்ப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களை அந்த ஊர்த் தெருக்களில் நடக்கவிட ஆசைப்பட்டு மூன்று வழிகளை முயன்றேன். கடைசியில், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டின் பள்ளிப் பதிப்பான மைன்கிராஃப்ட் எடுகேஷனில் நின்றுவிட்டேன்.

முதலில் மனத்தை இழுத்தது, மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் விஆர் கண்ணாடி. இரவலாக 4 கிடைத்தன. நாலு பேர் போட்டுக்கொள்ள மற்றவர்கள் காத்திருந்தார்கள். சார்ஜ் ஏற்றுவது, அப்டேட், துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்று அரை மணி நேரம் கரைந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வேறு. மூன்றாவது வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து 2003இல் தொடங்கி இன்னும் ஓடும் செகண்ட் லைஃப் என்னும் இணைய உலகம். கணக்கு இலவசம், கணினி போதும், எதிரில் வருபவர் நிஜ மனிதர். 'தூ' (நீ) என்பதா, 'உஸ்தெத்' (நீங்கள்) என்பதா என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். நீ, நீங்க என்று பேசி வளர்ந்த நம் பிள்ளைகள் எல்லாரையும் 'உஸ்தெத்' என்பார்கள். ஸ்பெயினில் கடைக்காரரைக்கூட 'தூ' என்று அழைப்பது சகஜம். இதை ஆள் எதிரில் இருந்தால்தான் உணர முடியும். ஆனால் 16 வயதுக்குக் கீழே அங்கே பொதுவெளியில் நுழைய அனுமதியில்லை. என் வகுப்பு நேரத்தில் மாட்ரிட்டில் விடியற்காலை மூன்றோ நாலோ மணி. நான் தனியாக ஒரு மாதம்தான் அங்கே உலவினேன். பெரியவர்களுக்கு, அதுவும் ஓரளவு பேசத் தெரிந்தவர்களுக்கு, அதுவே சிறந்ததாக இருக்கலாம். நான் நடத்துவது தொடக்கநிலை மட்டுமே.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கட்டியது யார் கையில் இருக்கிறது? ஆட்கள் விஆரில் கூடிப் பேசிய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் தளம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா நிறுவனம் ஹப்ஸ் என்ற தன் மெய்நிகர் அறைச் சேவையை 2024 மே மாதத்தில் நிறுத்தியது. பிறர் சர்வரில் எழுப்பிய வீடு அவர்கள் கதவைச் சாத்தும்வரைதான். மைன்கிராஃப்ட் எடுகேஷனில் உலகம் என் மடிக்கணினியில் ஒரு கோப்பாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுக்கிறேன். தலைக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், மைன்கிராஃப்ட் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறக்கவும் முடியாது. ஆனாலும் போன ஆண்டுப் பிள்ளைகள் கட்டிய சதுக்கத்தில் இந்த ஆண்டுப் பிள்ளைகள் வீடு கட்டுகிறார்களே, அது எனக்குப் பெரிது. 'போன்லோ ஆக்கி', இங்கே வை, என்று ஒருவருக்கொருவர் ஏவிக்கொண்டேதான் கட்டுகிறார்கள். ஏவல் வினைக்குத் தனிப் பயிற்சித்தாள் தேவைப்படவில்லை.

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோவில் இறந்தோர் நாள். அதற்காகச் சதுக்கத்தில் ஒரு 'ஒஃப்ரெந்தா' கட்டினோம். நம் வீட்டுப் படையல் போலத்தான்: போனவருக்குப் பிடித்த பண்டம், விளக்கு, பூ. அங்கே தூவும் பூ 'செம்பாசூச்சில்', நாம் மாலை கோக்கும் செண்டுமல்லி. அதன் தாய்மண்ணே மெக்சிகோ என்றதும் பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. மைன்கிராஃப்டில் செண்டுமல்லி கிடையாது, ஆரஞ்சு டுலிப்பை நட்டோம். பலகையில் ஒரு மாணவி எழுதினாள்: 'ஆ மி அபுவேலோ லே குஸ்தாபா எல் தே', என் தாத்தாவுக்குத் தேநீர் பிடித்தமானதாக இருந்தது. அந்த 'குஸ்தாபா'வை, பழக்கத்தைச் சொல்லும் இறந்தகாலத்தை, இரண்டு மாதமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் பதியாமல் இருந்தது.

குறை உண்டு. மைன்கிராஃப்ட் உலகில் வரும் கதாபாத்திரங்கள் பேசுவது நான் எழுதிய ஸ்பானிஷ்தான், தாய்மொழியாளர் கிடையாது. அதற்காக மாதம் ஒருமுறை மெக்சிகோ சிட்டியிலிருந்து ஒரு தோழியைக் காணொளியில் அழைக்கிறேன். அவருக்கு அது வெள்ளி இரவு 8 மணி. படையலைச் சுற்றிப் பார்த்தவர், "தண்ணீர் எங்கே? தூரம் நடந்து வரும் ஆன்மாவுக்குத் தாகம் எடுக்குமே" என்றார். எங்கள் வீட்டிலும் செம்பில் தண்ணீர் வைப்போம் என்று ஒரு பையன் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் அவருக்குச் சொன்னான். மணி அடிப்பதற்குள் ஒரு கொப்பரையில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார்கள்.